ஒரே டிஸ்க்கில் விண்டோஸ், லினக்ஸ், பேக்கப்

வாசகர்களின் கொம்பியூட்டர் கேள்விகளுக்கு, ஹட்டனில் லெப்டொப் திருத்தும் கடை நடத்தும் நமது பத்தியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 5 வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய லெப்டொப், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராது, விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று சொல்லி தம்பி பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்தான். பாமினி ஃபொன்ட்டில் அடித்த வினாத்தாள்களுக்காக விண்டோஸையும் வைத்திருக்கிறேன். புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள், வகுப்புப் படங்கள், வீட்டுப் படங்கள் எல்லாம் சேர்த்து 42 ஜிபி. சி டிரைவில் 200 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. அதில் பேக்கப்புக்கென்று ஒரு பார்ட்டிஷன், அதாவது தனிப் பகுதி, பிரிக்க ஆசை. விண்டோஸிலும் லினக்ஸிலும் அது தெரிய வேண்டும். எந்த ஃபோர்மட், எவ்வளவு இடம், எப்படிப் பிரிப்பது? விண்டோஸ் அழிந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.
– ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: தாராளமாகப் பிரிக்கலாம் டீச்சர். ஒழுங்காகச் செய்தால் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்த டிஸ்க்கோடு கடைக்கு வருகிறவர்கள் வாசற்படி ஏறும்போதே, "டி டிரைவில பேக்கப் இருக்கு சேர்" என்பார்கள். சி, டி என்று விண்டோஸ் இரண்டாகக் காட்டினாலும் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க், ஒரே மோட்டார், ஒரே போர்ட். ஒரே லயத்தில் அடுத்தடுத்த இரண்டு காம்பிரா மாதிரித்தான். கூரை பறந்தால் இரண்டும் நனையும்.

அப்படியானால் எதற்குப் பிரிப்பது என்று கேட்பீர்கள். விண்டோஸ் ஒரு நாள் ஏறாமல் அடம் பிடிக்கும். திருத்துகிறவர் சி டிரைவை ஃபோர்மட் பண்ணிப் புதிதாகப் போடுவார். அப்போது தனிப் பார்ட்டிஷனில் இருப்பது தப்பும். போன வருட வினாத்தாளைத் திறந்து இந்த வருடத்துக்கு மாற்றி, பழையதன் மேலேயே சேவ் பண்ணிவிட்டு முழிக்கும்போதும் கைகொடுக்கும். டிஸ்க் செத்தால், லெப்டொப் களவு போனால் உதவாது. ஃபைல்களைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் வைரஸ் புகுந்தாலும் அப்படித்தான். டிரைவ் எழுத்து உள்ள எல்லாவற்றிலும் அது கை வைக்கும். ஆகவே இதை முதல் கொப்பி என்று மட்டும் நினையுங்கள். இரண்டாவது கொப்பி மெசினுக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இடக் கணக்கு லேசு. உங்கள் 500 ஜிபியை விண்டோஸ் 465 என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, செய்கிற கம்பனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறது, விண்டோஸ் 1024, 1024ஆக வகுக்கிறது. 42 ஜிபிக்கு மேல் வளரவும், மாற்றிய ஃபைல்களின் பழைய பிரதிகளை வைக்கவும் சேர்த்து 120 ஜிபி போதும். மீதியை சி டிரைவுக்கே விட்டுவிடுங்கள். விண்டோஸை மூச்சுத் திணற வைத்தால் அது தன் பங்குக்கு வேறு தொல்லை தரும்.

ஃபோர்மட் என்டிஎஃப்எஸ். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. லினக்ஸுக்குரிய இஎக்ஸ்டி4 அருமையானது, ஆனால் விண்டோஸ் அதைக் கண்ணெடுத்தும் பார்க்காது, "ஃபோர்மட் பண்ணட்டுமா?" என்று வேறு கேட்கும், ஆம் என்று அழுத்தினால் கதை முடிந்தது. ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, கலைவிழா வீடியோ ஒன்றே அதைத் தாண்டும். எக்ஸ்ஃபேட் இரண்டு பக்கமும் ஓடும் என்று பலர் சிபாரிசு செய்வார்கள். பென் டிரைவுக்குச் சரி. ஆனால் அதில் ஜேர்னல் கிடையாது. ஜேர்னல் என்பது, டிஸ்க்கில் ஒரு மாற்றத்தைச் செய்யுமுன் "இதைச் செய்யப் போகிறேன்" என்று எழுதிவைக்கும் குறிப்பு. எழுதும் நடுவில் கரண்ட் போனால் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் டிஸ்க் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும். நம் பக்கத்தில் காற்றடித்தாலே கரண்ட் போகிறது, பழைய லெப்டொப்பின் பற்றரியும் பெயருக்குத்தான். ஜேர்னல் இல்லாத ஃபோர்மட்டில் பேக்கப் வைக்க நான் சொல்லமாட்டேன்.

பிரிக்கும் வேலையை லினக்ஸிலிருந்து செய்யாதீர்கள். சி டிரைவை விண்டோஸே சுருக்கட்டும். அதற்கு முன் அந்த 42 ஜிபியையும் இரவல் வாங்கியாவது ஒரு வெளி டிஸ்க்கில் கொப்பி பண்ணுங்கள். சி டிரைவின் படத்தில் பூட்டு அடையாளம் இருந்தால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் ஓடுகிறது என்று அர்த்தம். மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே தொடுங்கள். காலையில் செய்யுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி இறங்கும். அந்த நேரத்தில் சார்ஜரைக் குத்தி வைத்துக்கொண்டு டிஸ்க்கைச் சுருக்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

அடுத்தது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்த வேண்டும். கன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். அங்கே "டேர்ன் ஒன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இது இருக்கும்வரை நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுக்க அணைவதில்லை. தன் பாதி நினைவை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு உறங்கும். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களும் திறந்தபடியே கிடக்கும். பிறகு லினக்ஸில் போய் ஒரு ஃபைலை வைக்கப் பார்த்தால், வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. சில நேரம் திறக்கவே மாட்டேன் என்னும். "லினக்ஸ் சரியில்லை சேர்" என்று கடைக்கு வருகிற முறைப்பாடுகளில் பெரும்பங்கு இதுதான். விண்டோஸ் கொஞ்சம் மெதுவாக ஏறும், பரவாயில்லை.

இனி ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறவுங்கள். கீழே டிஸ்க் 0 என்ற இடத்தை ரைட் கிளிக் செய்து புரொப்பர்டீஸ், வொல்யூம்ஸ் போனால் பார்ட்டிஷன் ஸ்டைல் என்று ஒரு வரி இருக்கும். பார்ட்டிஷன் பட்டியலை டிஸ்க்கில் எழுதிவைக்கும் முறை அது. புதிய முறையான ஜிபிடி என்றிருந்தால் நிம்மதி. பழைய முறையான எம்பிஆர் என்றிருந்தால் இரண்டு பத்தி கீழே சொல்வதை வாசிக்காமல் மேலே போகாதீர்கள்.

சி டிரைவில் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வொல்யூம். அது எம்பி கணக்கில் கேட்கும்; 120 ஜிபி என்றால் 122880. இருநூறு ஜிபி சும்மா கிடந்தும் முப்பதோ நாற்பதோதான் சுருக்க முடியும் என்று சொன்னால் கலங்க வேண்டாம். விண்டோஸ் அசைக்க முடியாத சில ஃபைல்களை டிஸ்க்கின் நடுவில் போட்டு வைத்திருக்கும்: ஹைபர்நேஷன் ஃபைல், பேஜிங் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் பிரதிகள். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு மறுபடி முயன்றால் இடம் கூடும். சுருக்கி முடிந்ததும் பேஜிங் ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்பப் போட்டுவிடுங்கள். சுருங்கிய இடம் கறுப்புப் பட்டையோடு "அனலொகேட்டட்" என்று தெரியும். அதில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வொல்யூம், என்டிஎஃப்எஸ். பெயரை மட்டும் ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகக் கொடுங்கள். தமிழிலும் ஏற்கும், ஆனால் லினக்ஸில் கட்டளை அடிக்க நேர்ந்தால் விரல் நோகும்.

எம்பிஆர் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இப்போது. எம்பிஆரில் பிரதான பார்ட்டிஷன் நான்குக்கு மேல் இருக்க முடியாது. விண்டோஸ் இரண்டு மூன்றைப் பிடித்திருக்கும், லினக்ஸ் மீதியைப் பிடித்திருக்கும். ஐந்தாவதைப் போடப் போனால் விண்டோஸ் ஒரு மஞ்சள் முக்கோணத்தைக் காட்டி, பேசிக் டிஸ்க்கை டைனமிக் டிஸ்க்காக மாற்றப் போகிறேன், சரியா என்று கேட்கும். நோ அழுத்துங்கள். கேட்கிறதே என்று யெஸ் கொடுத்த ஒரு மெசின் கடைக்கு வந்தது. விண்டோஸ் ஏறியது, லினக்ஸ் போன இடம் தெரியவில்லை. அப்படி மாறியதைப் பழையபடி திருப்ப விண்டோஸில் நேர்வழி கிடையாது, எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்தால்தான் உண்டு. எம்பிஆர் என்றால் சி டிரைவைச் சுருக்குவதோடு விண்டோஸை மூடிவிட்டு, மின்ட்டின் இன்ஸ்டோல் பென் டிரைவிலிருந்து ஏறி பார்ட்டிஷன் பிரிக்கும் ஜிபார்ட்டட்டைத் திறவுங்கள். லினக்ஸ் இருக்கும் எக்ஸ்டென்டட் பெட்டியை (பல பார்ட்டிஷன்களை உள்ளே வைக்கும் ஒரு பிரதான பார்ட்டிஷன் அது) இடப்பக்கமாக நீட்டி, அதற்குள் ஒரு லொஜிக்கல் பார்ட்டிஷன், அதாவது உட்பார்ட்டிஷன், போடுங்கள். நினைவகம் போதாதபோது லினக்ஸ் பாவிக்கும் ஸ்வொப் பார்ட்டிஷன் ஓடிக்கொண்டிருந்தால் நீட்ட விடாது. முதலில் ஸ்வொப் ஒஃப். இந்த வேலைக்குத் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் பக்கத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மின்ட் மெனுவில் டிஸ்க்ஸ் என்று ஒன்று இருக்கிறது. புதுப் பார்ட்டிஷனைத் தொட்டு, பற்சக்கரப் பட்டனில் எடிட் மவுன்ட் ஒப்ஷன்ஸ் போங்கள். மேலே உள்ள டிஃபோல்ட் சுவிட்சை அணைத்து, மெசின் ஏறும்போதே மவுன்ட் ஆகும்படி, அதாவது பார்ட்டிஷன் தானே திறக்கும்படி, சரி அடையாளம் போடுங்கள். எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்ற இடத்தில் பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்ணான யுயுஐடியைத் தெரிவு செய்யுங்கள். பார்ட்டிஷன் எண் பின்னால் மாறக்கூடும், யுயுஐடி மாறாது. ஒப்ஷன் வரியில் ஏற்கனவே நோஃபெயில் என்ற சொல் இருக்கும், அதை அழிக்க வேண்டாம். பேக்கப் பார்ட்டிஷனில் ஏதும் கோளாறு வந்தாலும் லினக்ஸ் பாதியில் நிற்காமல் ஏற அதுதான் காரணம். இன்னொன்று: என்டிஎஃப்எஸ் பழுதானால் லினக்ஸில் வைத்துத் திருத்தப் பார்க்காதீர்கள். விண்டோஸுக்குப் போய் செக் டிஸ்க் ஓட்டுங்கள்.

டைம்ஷிஃப்ட் என்ற சொஃப்ட்வெயார் மின்ட்டோடு வருகிறது. "பேக்கப் எடுக்கவில்லையா?" என்று அடிக்கடி நினைவூட்டும். அது லினக்ஸ் சிஸ்டத்துக்கு; உங்கள் சொந்த ஃபைல்களை அது வழக்கமாகத் தொடாது, என்டிஎஃப்எஸ்ஸில் எழுதவும் மாட்டாது. அதை லினக்ஸ் பார்ட்டிஷனிலேயே விடுங்கள். மின்ட்டைத் திரும்பப் போடுவது ஒரு பின்னேர வேலை. உங்கள் வினாத்தாளைத் திரும்ப எழுதுவது அப்படியா?

கொப்பி எடுக்க ஃபிரீஃபைல்சிங்க் என்பதைச் சொல்வேன். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே முகத்தோடு ஓடும். அதில் மிரர் என்றும் அப்டேட் என்றும் இருக்கும். மிரர் எடுப்பாகத் தெரியும், ஆனால் நீங்கள் தவறுதலாக அழித்த ஃபைலை அது பேக்கப்பிலும் அழித்துவிடும். அப்டேட்டைத் தெரிவு செய்து, வேர்ஷனிங்கையும் போட்டுவிடுங்கள். மேலெழுதப்பட்ட பழைய பிரதிகள் தனி ஃபோல்டரில் சேரும். 120 ஜிபி கேட்டது இதற்காகவும்தான்.

பாமினி பற்றிச் சொல்லாமல் விட்டால் பேக்கப் பாதிதான். பாமினியில் அடித்த ஃபைலுக்குள் இருப்பது தமிழ் எழுத்தல்ல, ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். ஃபொன்ட்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. நாளைக்கு வேறு மெசினில் திறக்கும்போது அந்த ஃபொன்ட் இல்லையென்றால் அத்தனை வினாத்தாளும் கிறுக்கலாகத் தெரியும். விண்டோஸ் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பாமினி ஃபைலையும், நீங்கள் பாவிக்கும் மற்ற ஃபொன்ட்களையும் வினாத்தாள் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு பிரதி வையுங்கள். அந்த ஃபைலை லினக்ஸில் திறந்து இன்ஸ்டோல் கொடுத்தால் அங்கேயும் தமிழ் தெரியும். பிறகு விண்டோஸுக்கு ஓட வேண்டிய தேவையே குறையும்.

இனி வெளிக் கொப்பி. அதற்கு முன் மெசினுக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று. உங்கள் லெப்டொப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் நல்ல வழி ஒன்று உண்டு. அந்த டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே அளவான கேடி என்ற சட்டத்தில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிச் செருகலாம். சட்டம் 9.5 மில்லிமீற்றர், 12.7 மில்லிமீற்றர் என்று இரண்டு தடிப்பில் வருகிறது, அளந்து வாங்குங்கள். பழைய டிஸ்க்கைப் பூட்டுவதென்றால் முதலில் மின்ட்டின் டிஸ்க்ஸில் டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விபரத்தைப் பாருங்கள். பழுதாகி மாற்றப்பட்ட இடங்களைக் காட்டும் ரீஅலொகேட்டட் செக்டர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை பேக்கப்புக்கு நம்பாதீர்கள். இப்படிச் செய்தால் ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது நிற்கும்.

அதுவும் அதே லெப்டொப்புக்குள், அதே வீட்டுக்குள்தான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியில் மலை சரிந்ததும் நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் யாரும் லெப்டொப்பைத் தேடமாட்டார்கள், தேடவும் கூடாது. ஆகவே ஒரு கொப்பி வேறு ஊரில் இருக்கட்டும். மலையகத்தில் கொழும்பில் வேலை செய்யும் ஒருவர் இல்லாத வீடு குறைவு. சிறிய வெளி டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்ளலாம். டேட்டா செலவு கிடையாது, சிக்னலும் வேண்டாம். பிள்ளைகளின் பெயர், விலாசம், புள்ளிகள் அதில் இருந்தால் வெராகிரிப்ட் என்ற சொஃப்ட்வெயார் கொண்டு பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிக் கொடுங்கள். அது விண்டோஸிலும் லினக்ஸிலும் திறக்கும். வினாத்தாள் ஃபோல்டர் மட்டும் என்றால் கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபிக்குள் அடங்கிவிடும், அதையும் செய்துவையுங்கள்.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். விண்டோஸ், உபுண்டு லினக்ஸ் இரண்டும் வைத்திருக்கிறேன். உபுண்டுவில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. போர்டில் உள்ள பற்றரியை மாற்றியும் சரிவரவில்லை.
– ஒரு மாணவர், பண்டாரவளை

பதில்: பற்றரிக்குக் கொடுத்த காசு வீண், தம்பி. போர்டில் இருக்கும் கடிகாரத்தில் உபுண்டு கிரினிச் நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதையே இலங்கை நேரம் என்று நினைத்துக்கொள்கிறது. நமக்கும் கிரினிச்சுக்கும் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம். இன்டர்நெட் இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்தும், அடுத்து உபுண்டு முன்னால் ஓடும். உபுண்டு டேர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்தால் இரண்டும் ஒரே நேரத்துக்கு வரும்.

பேக்கப் எடுக்கிறவர்கள் இதை அலட்சியம் பண்ண வேண்டாம். எது புதிய ஃபைல் என்பதை பேக்கப் சொஃப்ட்வெயார் பெரும்பாலும் திகதியையும் நேரத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும். மத்தியானம் உபுண்டுவில் எழுதிய குறிப்பை இரண்டு மணித்தியாலம் கழித்து விண்டோஸில் திருத்தினால், திருத்தியது காலையில் எழுதியதாகப் பதியும். பழையதைப் புதியது என்று எண்ணி வைத்துக்கொள்ளும்.

கேள்வி: கோயில் கணக்கு ஃபைல்களை விண்டோஸிலிருந்து லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குக் கொப்பி பண்ணும்போது சில ஃபைல்கள் மட்டும் "ஃபைல் நேம் டூ லோங்" என்று நின்றுவிடுகின்றன. பெயர் அவ்வளவு நீளமில்லையே?
– கோயில் பரிபாலன சபைச் செயலாளர் ஒருவர், ஹப்புத்தளை

பதில்: நீளம்தான் ஐயா. நீங்கள் அனுப்பிய பெயர் இது: "தோட்டத்து அருள்மிகு ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலய வருடாந்தத் திருவிழா வரவு செலவுக் கணக்கு அறிக்கை திருத்தியது". விண்டோஸ் 255 குறிகள் வரை விடும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 விடுவது 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 85 தமிழ்க் குறிதான் கொள்ளும். அதிலும் "மு" என்றால் மகரமும் உகரக் குறியும் சேர்ந்து இரண்டு, "ன்" என்றால் புள்ளியோடு இரண்டு, "ஸ்ரீ" நான்கு. எண்ணிப் பார்த்தேன், உங்கள் பெயரில் இடைவெளி நீங்கலாக 94 குறிகள். அம்மன் பெயரையும் ஆலயத்தையும் ஃபோல்டருக்கு வைத்துவிட்டு, ஃபைலுக்கு "திருவிழா கணக்கு" என்று வருடத்தைச் சேர்த்தால் போதும். விண்டோஸில் இருக்கும்போதே பெயரை மாற்றிவிட்டுக் கொப்பி பண்ணுங்கள். லினக்ஸில் புதிதாக வைக்கும் பெயர்களில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரம் போடாதீர்கள். லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் திறக்காது.

கேள்வி: இடம் போதவில்லை என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தேன். இப்போது கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்கியூ" என்று மட்டும் வருகிறது. விண்டோஸும் போய்விட்டதா?
– பெயர் வேண்டாம் என்றவர், வெலிமடை

பதில்: போகவில்லை. விண்டோஸ் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. மெசின் ஏறும்போது எதை ஏற்றுவது என்று கேட்கும் கிரப், தன் ஃபைல்களை லினக்ஸ் பார்ட்டிஷனில்தான் வைத்திருந்தது. அதை நீங்கள் அழித்ததும் வழி தெரியாமல் நிற்கிறது. புது மாதிரி மெசின் என்றால் பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்று ஒன்று தெரியும், அதைத் தெரிவு செய்தால் ஏறும். பயோஸில் அதையே முதலாவதாக்கிவிடுங்கள். பழைய எம்பிஆர் மெசின் என்றால் விண்டோஸ் இன்ஸ்டோல் பென் டிரைவிலிருந்து ஏறி, ரிப்பேர் பகுதியில் கொமாண்ட் புரொம்ப்ட்டைத் திறந்து, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்பதோடு கொடுங்கள். யாராவது "முழுக்க ஃபோர்மட் பண்ணினால்தான் சரிவரும்" என்று சொன்னால் மெசினைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். விண்டோஸ் ஏறிய பிறகு, லினக்ஸ் இருந்த இடத்தை சி டிரைவோடு சேர்க்க அவசரப்பட வேண்டாம். காலி இடத்தில் நியூ சிம்பிள் வொல்யூம் கொடுத்து என்டிஎஃப்எஸ் போடுங்கள். மேலே டீச்சருக்குச் சொன்ன முதல் கொப்பிக்கு உங்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது.